பட்டியலில் இருக்கும் மருந்தை வெளியில் ஏன் வாங்க வேண்டும்?

(திருச்சி பாலக்கரையில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டம் ஒன்றில், அரசு மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருந்தகத்தின் கம்பி ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று சீட்டை வாங்கி மாத்திரை எண்ணிக் கொடுத்தவன். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட அப்போதெல்லாம் நேரமிருக்காது. ஓய்வு பெற்ற பிறகு நானும் வெளியே வரிசையில் நிற்கிறேன். அதனால்தான் இன்று பேச வந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறேன். வாசலில் நம் பிள்ளைகள் நான்கு பேர் துண்டு ஏந்தி நிற்கிறார்கள். காந்தி மார்க்கெட்டில் தள்ளுவண்டியில் வெங்காயம் விற்கும் சகோதரரின் மகன், பதினோரு வயது. பிறவியிலேயே ஹீமோபிலியா. இரத்தம் உறையத் தேவையான ஒரு பொருள் அந்த உடம்பில் போதிய அளவு சுரப்பதில்லை. பையன் விளையாட்டில் விழுந்துவிட்டான். வெளியே காயமில்லை, முழங்கால் மூட்டுக்குள்ளே இரத்தம் கசிந்து கால் தேங்காயாய் வீங்கிவிட்டது. அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. ஒரு கட்டடத்தின் மீது பழி போடுவது என் நோக்கமல்ல. டாக்டர் ‘ஃபேக்டர் 8’ ஊசி 750 யூனிட் எழுதியிருக்கிறார். மருந்தகத்தில், ‘இருப்பில்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். 250 யூனிட் குப்பியாக மூன்று வேண்டும். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. வெங்காய வண்டிக்காரர் எங்கே போவார்?

நம் சமுதாயம் இந்த விஷயத்தில் சோடை போனதில்லை. அரை மணி நேரத்தில் பணம் சேர்ந்தது. பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பறந்து போய் வாங்கிக் கொடுத்தார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன். தெற்கு உத்திர வீதிப் பக்கம், தகப்பனார் கல்யாண வீடுகளில் சமையல் வேலை செய்பவர். அதே நோய், அதே ஊசி, அதே பதில். தாயார் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஒரு குப்பி வாங்கியிருந்தார். மூன்று தேவைப்படும் இடத்தில் ஒன்று! அந்த அம்மா நம் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: “உங்களுக்காவது கேக்க நாலு பேர் இருக்காங்க பாய்.”

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. நாம் கேட்டோமா? கொடுத்தோம். கேட்கவில்லை! யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் நம்மில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எது தர்மம், எது கடமை?

சகோதரர்களே, அந்த ஊசி ஏதோ வெளிநாட்டுப் பணக்காரர்கள் போட்டுக்கொள்ளும் ஆடம்பர மருந்தல்ல. உலக சுகாதார நிறுவனம் 1977ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்ற ஒன்றைத் தொடங்கியது. ஒரு நாட்டு மக்களின் முக்கியமான நோய்களுக்கு இவை எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நம் நாடு தனக்கென்று 1996ல் ஒரு தேசியப் பட்டியல் போட்டது. அது பலமுறை திருத்தப்பட்டு 2022 செப்டம்பரில் வெளியானபோது 384 மருந்துகள் அதில் இருந்தன. நம்மில் பாதிப் பேர் சர்க்கரைக்குச் சாப்பிடும் டெனிலிக்ளிப்டின் மாத்திரையும், கிளார்ஜின் இன்சுலினும் அந்த ஆண்டில்தான் சேர்ந்தன. இரத்தம் உறையும் ஃபேக்டர் 8 அந்தப் பட்டியலில் உண்டு. நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகள் வழியாக இலவசமாகவே அது வழங்கப்பட்டும் வருகிறது.

ஆக, மருந்து வேண்டும் என்று சொன்னது யார்? அரசின் நிபுணர் குழு. இந்தப் பையனுக்கு வேண்டும் என்று எழுதியது யார்? அரசு டாக்டர். இல்லை என்று சொன்னது யார்? அரசு மருந்தகம். ஒரே அரசு ஒரு கையால் எழுதி மறு கையால் இல்லை என்கிறது. நடுவில் துண்டேந்தி நிற்பது நாம்!

வணிகர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சரக்குக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்கள். மண்டிக்காரர் பட்டியலில் சரக்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். வண்டி வரவில்லை. நீங்கள் உறவினர்களிடம் வசூல் செய்து வேறு கடையில் அதே சரக்கை வாங்குவீர்களா? முதலில் போய்ச் சட்டையைப் பிடிக்க மாட்டீர்களா? அரிசிக்கும் சோப்புக்கும் நாம் கட்டிய வரிதான் முன்பணம்.

மருந்து வரும் வழி

இந்த இடத்தில் நம் மாநிலத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போனால் அநியாயம். 1990களின் தொடக்கத்தில் மருந்துக் கொள்முதலில் முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. அதன் பிறகு 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. 1995 ஜனவரி முதல் மருந்து விநியோகம் அதன் கைக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரவும் பகலும் போன்ற வித்தியாசம். கம்பெனிப் பெயரில் அல்ல, மருந்தின் மூலப் பெயரில் மொத்தமாக டெண்டர். வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, சோதனைக்கூடத்துக்கு அனுப்பித் தேறிய பிறகுதான் வெளியே விடுவார்கள். மாவட்டந்தோறும் கிடங்கு. திருச்சியிலும் உண்டு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று வரவு, எடுக்க எடுக்கப் பற்று. கிடங்கில் இல்லாததை வெளியில் வாங்கிக்கொள்ள மருத்துவமனைத் தலைமைக்கு ஒரு பங்கு நிதியும் உண்டு. ‘லோக்கல் பர்ச்சேஸ்’ என்போம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜஸ்தான் மாநிலம் 2011 அக்டோபர் 2ஆம் தேதி இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது முன்மாதிரியாகக் கொண்டது நம் கழகத்தைத்தான். அந்தப் பெருமையும் நமக்கு உண்டு.

அப்படியானால் ஓட்டை எங்கே? இப்போது நான் சொல்லப் போவது என் மீதே நான் வைக்கும் குற்றச்சாட்டு.

அடுத்த ஆண்டு எவ்வளவு மருந்து வேண்டும் என்று மருத்துவமனை கணக்கு அனுப்பும். அந்தக் கணக்கு எதை வைத்துப் போடப்படுகிறது? பெரும்பாலும் இந்த ஆண்டு எவ்வளவு வழங்கினோம் என்பதை வைத்து. எத்தனை பேர் கேட்டு இல்லாமல் திரும்பினார்கள் என்பதை வைத்தல்ல! ஜன்னலில் நான் ‘வெளியே வாங்கிக்கோங்க’ என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொருவரும் காகிதத்தில் இல்லை. இருப்பு தீர்ந்த பிறகு வந்த நூறு பேரும் கணக்கில் வரமாட்டார்கள். ஐம்பது வழங்கினோம், ஐம்பது போதும் என்று எழுதுவோம். அடுத்த ஆண்டும் ஐம்பதுதான் வரும். மறுபடி தீரும். மறுபடி ‘வெளியே’.

நான் அப்படித்தான் செய்தேன். இல்லை என்பதைத் தனி நோட்டில் எழுதி மேலே அனுப்பியிருக்கலாம். சில நாள் எழுதினேன், பல நாள் எழுதவில்லை. வரிசை நீளம், ஆள் குறைவு, எல்லாம் உண்மைதான். ஆனாலும் எழுதவில்லை.

இப்போது நம் துண்டு வசூலுக்கு வாருங்கள். நாம் பணம் சேர்த்து மூன்று குப்பி வாங்கிக் கொடுத்தோம். பையன் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த மருத்துவமனையின் காகிதத்தில் என்ன இருக்கும்? நோயாளி வந்தார், ஊசி போடப்பட்டது, குணமாகி வீட்டுக்குப் போனார். குறை என்று ஒன்று நடந்ததற்கே அடையாளம் இல்லை. நாம் கொடுத்த பணம் அந்தக் குறையை மூடி மறைத்துவிட்டது. அடுத்த முறை ஸ்ரீரங்கத்து அம்மா வரும்போது ஜன்னலில் அதே பதில்தான் கிடைக்கும்.

வசூல் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூட்டுக்குள் இரத்தம் கசியும்போது மணிக்கணக்கில் தாமதித்தாலே மூட்டு கெட்டுப் போகும். முதலில் பையனைக் காப்பாற்றுங்கள். ஆனால் குப்பி வாங்க ஒருவர் ஓடும்போதே, கடிதம் எழுத இன்னொருவர் உட்கார வேண்டும். ஜகாத் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை ஆலிம்கள் சொல்வார்கள். நான் மருந்துக் கணக்குக்காரன். அரசு கொடுக்க வேண்டிய மருந்துக்கு பைத்துல்மால் பணம் போனால், அரசு கொடுக்காத வேறொரு தேவைக்கு அந்தப் பணம் இல்லாமல் போகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நீதிமன்றங்கள் சொன்னது

‘அரசிடம் பணமில்லை என்றால் என்ன செய்வது?’ என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. அவர் நம் சமுதாயத்துச் சகோதரர். கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17 ஆயிரம் ரூபாய் செலவு. அவருடைய சங்கமான பஸ்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி அவரோடு சேர்ந்து வழக்குப் போட்டது. 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: உயிர் காக்கும் சிகிச்சையை உரிய நேரத்தில் தராதது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறியதாகும், நிதி நெருக்கடியைச் சொல்லி இந்தக் கடமையிலிருந்து அரசு தப்ப முடியாது. இழப்பீடு 25 ஆயிரம். யார் வழக்குப் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கூலிக்காரர்களின் சங்கம்!

ஆனால் கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். 1998ல் பஞ்சாப் அரசு ஊழியர்களின் மருத்துவச் செலவு பற்றிய வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், எந்த அரசிடமும் எல்லையற்ற பணம் இல்லை, தனியார் மருத்துவமனைச் செலவுக்கு அரசு வரம்பு வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எதைக் கேட்டாலும் கிடைத்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு 2014 ஏப்ரல் 17. டெல்லி உயர் நீதிமன்றம். ரிக்‌ஷா தொழிலாளி ஒருவரின் சின்னஞ்சிறு மகன். அவனும் நம் வீட்டுப் பிள்ளை. கௌஷே என்ற அபூர்வ நோய். மருந்துக்கு மாதம் நான்கே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு நோயாளிக்கு இவ்வளவு செலவிட்டால் மற்றவர்களுக்கு என்ன செய்வது என்பது அரசுத் தரப்பு. அந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் நீதிபதி மன்மோகன், ஏழை எளியோருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்யும் அடிப்படைக் கடமையிலிருந்து ‘கட்டுப்படியாகாது’ என்று சொல்லி அரசு நழுவ முடியாது என்று தீர்ப்பளித்து, எய்ம்ஸ் மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்க டெல்லி அரசுக்கு உத்தரவிட்டார். அது டெல்லித் தீர்ப்பு. நம் மாவட்டத்து வழக்குகளை விசாரிக்கும் மதுரைக் கிளையை அது கட்டுப்படுத்தாது, வழிகாட்டலாம், அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவ்வளவு அபூர்வமான மருந்துக்கே இந்தத் தீர்ப்பு என்றால், அரசே பட்டியலில் எழுதி வைத்த மருந்துக்கு எவ்வளவு வலுவான வாதம் நம் கையில் இருக்கிறது!

இங்கிலாந்தில் இதே சண்டை நடந்தது. நரம்பு நோய் ஒன்றுக்கு பீட்டா இன்டர்ஃபெரான் மருந்தை எப்படிக் கிடைக்கச் செய்வது என்று 1995ல் சுகாதாரத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. வடக்கு டெர்பிஷயர் சுகாதார ஆணையம் தன் சொந்த அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு மருந்தைத் தராமல் இழுத்தடித்தது. நோயாளி வழக்குப் போட்டார். 1997ல் நீதிமன்றம் சொன்னது: சுற்றறிக்கை கட்டளையல்ல, வழிகாட்டல்தான். ஆனாலும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை ஓரங்கட்டிவிட முடியாது. பிறகு 1999ல் மருந்துகளை ஆராய்ந்து பரிந்துரைக்க ‘நைஸ்’ என்ற நிறுவனம் அமைத்தார்கள். 2002 ஜனவரி முதல், அது ஒரு மருந்தைப் பரிந்துரைத்தால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் பணம் ஒதுக்கியாக வேண்டும் என்பது சட்டக் கடமையானது. பரிந்துரைக்கும் கைக்கும் கொடுக்கும் கைக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினார்கள். நம் நாட்டுப் பட்டியலில் அந்தக் கயிறு இல்லை. தேசியப் பட்டியலில் ஒரு மருந்து ஏறினால் அதற்கு உச்சவரம்பு விலை வரும். கடைக்காரர் கூட்டி விற்கக் கூடாது. நல்லதுதான். ஆனால் மருத்துவமனை கொடுத்தே ஆக வேண்டும், இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக 2017ல் தனிச் சட்டமே வந்தது. கூட்டு மருந்து கொடுப்பது அரசின் பொறுப்பு என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே ‘இயன்றவரை’ என்ற பொருளில் ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சொல் எவ்வளவு பெரிய ஓட்டை என்பது 2022 ஜூலையில் தெரிந்தது. மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து நோயாளிகள் டெல்லியில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முன் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்க்கும்போதே நாம் விழித்திருக்க வேண்டும், சகோதரர்களே. மருந்து விநியோகத்தில் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ராஜஸ்தான், 2023ல் சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்ததில் நம்மை முந்திவிட்டது. சட்டமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கேட்கும் முறை

முதலில் ஒன்று. ஜன்னலில் நிற்கும் மருந்தாளுநரிடமும் வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் செவிலியரிடமும் சண்டை போடாதீர்கள். மருந்து இல்லாதது அவர்கள் செய்த குற்றமல்ல. இளைஞர்கள் நாலைந்து பேர் கூட்டமாகப் போய்க் குரலை உயர்த்தினால் போலீஸ் வரும், மருந்து வராது.

டாக்டர் எழுதிய சீட்டை நகல் எடுங்கள். ஒரு முழுத் தாளில், இன்ன நோயாளிக்கு இன்ன தேதியில் இன்ன மருந்து எழுதப்பட்டது, மருந்தகத்தில் இருப்பில்லை என்று கூறப்பட்டது, லோக்கல் பர்ச்சேஸ் நிதியில் வாங்கித் தர வேண்டுகிறேன் என்று நாலு வரி எழுதி, நிலைய மருத்துவ அலுவலரிடமோ கண்காணிப்பாளரிடமோ கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்த முத்திரைதான் முக்கியம். ‘இல்லை’ என்பது அப்போதுதான் காகிதத்தில் ஏறுகிறது. ஏறியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அரசின் 104 எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். இந்த மருந்து கடந்த ஓராண்டில் எவ்வளவு வந்தது, எந்தெந்த நாட்களில் இருப்பு இல்லை, லோக்கல் பர்ச்சேஸ் நிதியில் எவ்வளவு செலவானது என்று மூன்றே கேள்வி. சாதாரணமாக 30 நாள் அவகாசம். ஆனால் ஓர் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று சட்டத்தின் 7ஆம் பிரிவே சொல்கிறது. விண்ணப்பத்தின் தலைப்பிலேயே அதை எழுதுங்கள். பலருக்கு இது தெரிவதில்லை.

காப்பீட்டு அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த நோய்க்கு உள்நோயாளியாக இருக்கும்போது மருந்தும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். அட்டையைக் காட்டிய பிறகும் மருந்துச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மாதாமாதம் சாப்பிடும் மாத்திரைக்கு அந்த அட்டையை நம்பியிருக்க முடியாது. சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. கடையில் கணக்கு எழுதும் பையனை வாரம் ஒரு மணி நேரம் விடுங்கள். நகல் எடுக்கவும் மனு எழுதவும் ஜமாஅத்தில் ஒரு மேசை போதும். அந்த மேசைக்கு வருகிறவர் எந்த மதம் என்று கேட்க வேண்டாம்.

வெங்காயக்காரர் மகன் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் அவர் பெயரிலும் ஸ்ரீரங்கத்துச் சமையல்காரர் பெயரிலும் இரண்டு மனுக்கள் எழுதினேன். நான்தான் எழுதினேன், அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி முதலில் வாங்க மறுத்தார். அரை மணி நேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம், வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் இரண்டு பையன்களுக்கும் ஊசி அங்கேயே வந்தது. ஸ்ரீரங்கத்துப் பையனுக்கு அதற்குள் மூட்டு கொஞ்சம் இறுகிவிட்டது. இன்றைக்கும் சற்று சாய்ந்துதான் நடக்கிறான்.

நான்கு மாதம் கழித்து மறுபடி ‘இருப்பில்லை’. அந்தத் தகப்பனார் எனக்குப் போன் செய்தார். வரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் பாய், பழைய நகல் இருக்கு. தேதியை மட்டும் மாத்தி நானே எழுதிட்டேன். ஒன்னாம் நம்பர் பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன். முத்திரை எந்த ரூம்ல போடுவாங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.